மலைத் தீயை அணைக்கிறவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அழகர்மலை அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் நாளிதழ் காலை ஐந்தரைக்கெல்லாம் கடைக்கு வந்துவிடும். வருகிறவர்கள் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். என் கைக்கு வரும்போது மதியம் ஆகியிருக்கும், வடை எண்ணெயும் ஏறியிருக்கும். ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன்.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். மறுநாள் மதுரைச் செய்திகள் பக்கத்தில் பாதியை மரக்கன்று நடும் படங்களுக்கே கொடுத்திருந்தீர்கள். ஒரே கன்றை ஒன்பது பேர் பிடித்துக்கொண்டிருந்த படமும் அதில் உண்டு. நடட்டும், நல்ல காரியம்தான். ஆனால் பங்குனியில் எங்கள் மலையில் விடிய விடியத் தீ எரிந்தபோது உள்பக்கத்தில் நான்கு வரி போட்டீர்கள்: தீப்பிடித்தது, வனத்துறையினர் விரைந்து சென்று அணைத்தனர், மரங்கள் கருகின, விசாரணை நடக்கிறது. விரைந்து சென்றவர்கள் யார், எதை வைத்து அணைத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் என் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் மேலே ஏறினார்கள். அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஏறியவர்களில் காக்கிச் சீருடை போட்டவர்கள் ஒரு வனவர், இரண்டு வனக்காப்பாளர்கள், ஒரு வனக்காவலர், அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் எங்கள் ஊரும் பக்கத்து ஊரும். தை, மாசி வாக்கில் தீத்தடுப்புக் காவலர் என்று தினக்கூலிக்கு எடுப்பார்கள். கோடை மழை நன்றாக இறங்கிவிட்டால் ‘போதும்ப்பா’ என்று நிறுத்திவிடுவார்கள். என் கொழுந்தன் வெகுகாலமாக இந்த வேலைக்குப் போகிறவர். அவர் வீட்டுக்காரியும் தீத்தடுப்புக் கோடு போடும் சமயத்தில் கூட்டிப் பெருக்கப் போவாள்.

அந்தக் கோடு என்ன என்று பட்டணத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்காது. காட்டு எல்லையை ஒட்டியும், மலை முகட்டிலும், ஆட்கள் நடக்கிற தடத்துக்கு இரு பக்கமும் நீளமாக ஒரு பட்டைக்குப் புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, வெறுந்தரையாக ஆக்கி வைப்பார்கள். ஒரு பக்கம் தீ வந்தால் அந்த வெறுந்தரையில் நின்றுபோகும், அல்லது நிறுத்துவதற்கு ஆட்களுக்கு ஓர் இடம் கிடைக்கும். ஒரு தடவை கூட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாசியில் மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டே இருக்கும். இன்றைக்குக் கூட்டிய இடத்தில் அடுத்த வாரம் கணுக்கால் வரை சருகு கிடக்கும். மறுபடியும் கூட்ட வேண்டும். பாறைச் சரிவில் குனிந்து கூட்டிவிட்டு வரும் பெண்கள் என் கடை பெஞ்சில் உட்காரும்போது முதலில் இடுப்பைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் தீ. தீ என்றதும் மணி அடித்துக்கொண்டு வரும் வண்டியை நினைப்பீர்கள். வண்டி மண்பாதை முடிகிற இடம் வரை வரும், அதற்கு மேல் பாறை. பங்குனியில் ஓடையெல்லாம் வறண்டு கிடக்கும், மேலே தண்ணீருக்கு வழியில்லை. அதனால் அணைப்பது எல்லாம் கொப்பால்தான். இலை அடர்ந்த பச்சைக் கொப்பாகப் பார்த்து ஆள் உயரத்துக்கு ஒடித்துக்கொள்வார்கள். புதிதாக வருகிற பையன்கள் கோபத்தில் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். ஓங்கினால் பொறி பறந்து முதுகுக்குப் பின்னால் விழுந்து அங்கே ஒரு புதுத் தீ ஆரம்பிக்கும். தாழ்வாக அமுக்கி, எரிந்து முடிந்த கரிப் பக்கமாக இழுத்துத் தேய்க்க வேண்டும் என்பார் கொழுந்தன். கொப்பு கருகக் கருக வேறு கொப்பு. ரப்பர் செருப்பு சூட்டில் இளகிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் பூட்ஸ் வந்தது. வந்ததெல்லாம் பெரிய நம்பர். உள்ளே துணியைத் திணித்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் செருப்புக்கே திரும்பிவிட்டார்கள்.

நடுப்பகலில் தீயோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. சரிவில் ஏறுகிற தீ தனக்கு மேலே நிற்கும் புல்லைச் சூட்டிலேயே காயவைத்துக்கொண்டு போகும், அதன் வேகத்துக்கு மனுசன் ஓட முடியாது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் புல் சரிவில் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்துப்போனதை நீங்களே பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அந்த வாரம் கடையில் யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை. தீக்கு மேலே நிற்காதே, எரிந்து முடிந்த கரிக்குள் கால் வைக்க வழி இருந்தால் அதற்குள் போய்விடு என்பதைத்தான் இந்த ஆட்கள் புதிய பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆகவே பெரும்பாலும் இருட்டி, காற்று அடங்கிய பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். பெரிய தீயாக இருந்தால் தள்ளி ஒரு தடத்தையோ பாறை வரிசையையோ பிடித்துக்கொண்டு எதிர்த்தீ வைப்பார்கள். வருகிற தீக்குத் தீனி இல்லாமல் ஆக்குகிற வேலை அது. காற்று மாறினால் வைத்தவரே மாட்டிக்கொள்வார், அதனால் பழகிய ஆளைத் தவிர யாரையும் விட மாட்டார்கள். தீ அடங்கியதும் இறங்கிவிடவும் முடியாது. பட்ட மரம் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். நாலு நாள் கழித்துக்கூட முறிந்து சரிவில் உருண்டு, எரியாத பக்கத்தில் போய் நிற்கும். அதற்கு மண்ணை அள்ளிப் போட்டு, கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். உங்கள் செய்தியில் ‘அணைத்தனர்’ என்று வந்த அன்றைக்கு எங்கள் ஆட்கள் மூன்று பேர் இன்னும் மேலேதான் இருந்தார்கள். அவர்களுக்கு எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் கேனில் டீயும் கொடுத்து அனுப்பினேன்.

இப்போதெல்லாம் வசதி வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீ எங்கே என்று பார்த்துச் செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது. எங்கள் பக்கத்து வனக்காப்பாளர் சின்ன வயசுப் பையன், வெளி மாவட்டம். போனில் வந்த எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என் கடை வாசலில் நின்றே கேட்பார், “இது எந்த இடம்ணே?” கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, “ரெட்டைப் பாறைக்கு மேக்க சார். இப்படி ஏறுனா பள்ளம் குறுக்க விழும், சுத்திப் போகணும்” என்பார். இரண்டு பேரும் வேண்டும். ஒருத்தர் அரசாங்கத்து ஆள், மாறுதல் வந்தால் போய்விடுவார். இன்னொருத்தர் போக இடமில்லாதவர், ஆனால் அவரைத்தான் மழை விழுந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்திய பிறகு வேலை இல்லாமல் போய்விடுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஆனி, ஆடியில் ராத்திரி போன் வரும், ‘தோட்டத்துக் கிணத்துல மான் விழுந்து கிடக்கு.’ எங்கள் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு நிறைய. புள்ளிமான் விழும், ஒரு தடவை காட்டுமாடே விழுந்தது. மானைத் தூக்குவது கயிறு போட்டு இழுக்கிற வேலை மட்டும் இல்லை. பயத்திலேயே அதற்கு உயிர் போய்விடும். இறங்குகிறவர் முதலில் துண்டை எடுத்து அதன் கண்ணை மூடிக் கட்டுவார், அப்புறம்தான் காலைச் சேர்ப்பார். மேலே நிற்கிறவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று கெஞ்ச வேண்டும், செல்போன் வெளிச்சத்தை அணைக்கச் சொல்ல வேண்டும், யாரும் கேட்பதில்லை. கொழுந்தன் அப்போது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஆள். போகாமலும் இருக்க மாட்டார். போன மாதம் வரை கூட வேலை பார்த்தவர்கள் கூப்பிடும்போது எப்படி மறுப்பது?

சம்பள விவகாரத்துக்கு வருகிறேன். அவர்கள் கணக்கு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ, அதன் நகல் என் கடன் நோட்டில் இருக்கிறது. தை மாதம் பக்கத்தைத் திருப்பினால் அன்றாடம் காசு கொடுத்திருப்பார்கள். மாசி நடுவில் ‘நோட்டுல எழுதிக்கங்க மதினி’ ஆரம்பிக்கும். பங்குனியில் டீ, பன், பீடிக்கட்டு எல்லாம் நோட்டில்தான். மாசிக் கூலி சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு வந்த வருடமும் உண்டு. “பில் போயிருக்கு மதினி, நிதி வரணும்” என்பார் கொழுந்தன். எந்தச் சரகம், எந்த அதிகாரி என்று எழுதி யாரையும் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. அந்த வனவரே தன் கைக்காசைப் போட்டு ஆட்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றாடங்காய்ச்சிகளிடம் ‘நிதி வரணும்’ என்று சொல்லிக்கொண்டே தீக்குள் அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

காசைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. உள்ளூர்க்காரர் உள்ளூர்க் காட்டுக்குக் காவல் போனால் உறவு கெடும். மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று சிலர் கதை சொல்வார்கள். எங்கள் மலையில் தீ எப்போதும் மனுசன் நடக்கிற தடத்தை ஒட்டியேதான் ஆரம்பிக்கிறது. அணைக்காமல் போட்ட பீடி, மரத்தடியில் ஏற்றிவைத்த கற்பூரம், தேன் எடுக்கிறவன் கொண்டுபோன பந்தம், முயலை வெளியே கிளப்ப வைத்த தீ என்று எதுவாகவும் இருக்கும். ஆடு மேய்க்கிறவர்களில் சிலர் காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் ஒரு சாரலுக்கே இளம்புல் வரும் என்று வேண்டுமென்றே வைப்பதும் உண்டு. 1882-ஆம் வருடத்து வனச் சட்டத்திலேயே காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். சட்டத்தைச் சொல்லிவிடலாம், சொல்ல வேண்டியது யாரிடம் என்பதுதான் சங்கடம். ஒரு மாசி மாதம் கொழுந்தன் தீப்பெட்டியும் கையுமாகப் பிடித்தது சொந்த மச்சினனை, அவர் வீட்டுக்காரியின் கூடப்பிறந்தவனை. விட்டிருக்கலாம். பக்கத்தில் இன்னொரு காவலரும் நின்றார், விட முடியவில்லை. அபராதம் கட்ட வைத்தார்கள். அடுத்த வருடம் கொழுந்தன் மகளுக்குச் சடங்கு வைத்தோம். தாய்மாமன் வரவில்லை. மதுரைப் பக்கத்தில் தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு பெண்ணுக்குச் சடங்கு செய்வது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தரைத் தட்டுத் தூக்க வைத்து முடித்தோம். அந்தப் பெண் அழுதது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தினக்கூலியில் இதற்கு ஒரு பைசா சேர்த்துத் தருவார்களா?

காடு முன்பைவிட ஏன் இப்படி எரிகிறது என்பதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. வெயிலைக் குறை சொல்கிறார்கள், வெயிலும்தான். ஆனால் என் மாமியார் காலத்தில் பெண்கள் விறகுச் சுள்ளிக்கு ஏறுவார்கள், விளக்குமாற்றுக்கு ஈச்சங்கீற்றுக்கும் ஏறுவார்கள். கூரை வேய மலைப்புல் அறுத்து வருவார்கள். இப்போது வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டது, கூரை எல்லாம் காரை ஆகிவிட்டது. நல்லதுதான், அந்தச் சுமையைத் தூக்கியவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அறுக்க ஆளில்லாத புல் ஆள் உயரத்துக்கு நின்று காய்கிறது, சுள்ளி பொறுக்க ஆளில்லாமல் கிடக்கிறது. போதாததற்கு உண்ணிச்செடி வேறு புதராக மண்டிக்கிடக்கிறது. அதோடு, காட்டுக்குள் தினமும் நடமாடிய நாற்பது ஐம்பது கண்கள் இல்லாமல் போய்விட்டன. முன்பு புகையை முதலில் பார்த்துச் சொன்னது விறகுக்குப் போன பெண்கள்தான். இப்போது மேலூர் சாலையில் காரை நிறுத்தி, மலைக்கு மாலை போட்ட மாதிரி இருக்கிறது என்று படம் எடுக்கிறார்கள்.

கோயில்காடுகளைப் பாருங்கள். நத்தம் பக்கம் காசம்பட்டியில் வீரகோயில் காட்டை 2025-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மொத்தமே ஐந்து ஹெக்டேர் தேறாது. சாமிக்குப் பயந்து ஒரு சுள்ளியை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், அதனால் நிற்கிறது. அதற்கு முன்னால் 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேரை அறிவித்தார்கள், தமிழ்நாட்டிலேயே முதலாவது அதுதான். அந்தப் பக்கத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மேலூர் வட்டாரமே திரண்டு 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்தது. அங்கே ஊர், தன் மலை என்று நினைக்கிறது. எங்கள் அழகர்மலைக்குச் சாமி இல்லையா என்றால், பெருமாள் அடிவாரத்தில் இருக்கிறார், முருகன் பழமுதிர்ச்சோலையில் இருக்கிறார், மேலே ராக்காயி அம்மன் இருக்கிறாள், ஐப்பசியில் அழகரே நூபுர கங்கைக்குத் தைலக்காப்புக்கு ஏறி வருகிறார். ஆனாலும் சாலையை விட்டு இரண்டு எட்டு உள்ளே வைத்தால் அது கவர்மெண்டு காடு, நமக்கென்ன என்று ஆகிவிடுகிறது. தண்ணீர் பாட்டிலை உள்ளே எறிகிற அதே கை, நூபுர கங்கைத் தண்ணீரை இன்னொரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீர் பாறையிலிருந்து சும்மா வரவில்லை, மேலே காடு இருப்பதால் வருகிறது.

நிரந்தர வேலைக்கு எழுதிப் போட வேண்டியதுதானே என்று கடையில் ஒரு வாத்தியார் கேட்டார். வனக்காப்பாளர் தேர்வில் ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும், பெண்கள் 16 கிலோமீட்டர். கொழுந்தன் பாறையிலும் முள்ளிலும் அதைப் பேசிக்கொண்டே நடப்பார். எழுத்துத் தேர்வு இருக்கிறது, பிளஸ் டூ வேண்டும், வயது வரம்பு இருக்கிறது. அவர் படித்தது எட்டாவது. படித்த பிள்ளைகள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிற பிள்ளைகளுக்குக் காட்டைச் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் ஒரு நாற்காலி போட்டால் என்ன?

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. இந்த ஆட்களை வருடம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகும் வேலை கிடக்கிறது. உண்ணிச்செடி வேரோடு பிடுங்க வேண்டும், தடுப்பணையில் மண் அள்ள வேண்டும், கோடைக்கு முன் விலங்குகளுக்கான தண்ணீர்த் தொட்டியை விரிசல் பார்த்துப் பூச வேண்டும். கூலியை மாதம் ஒரு தேதி என்று வைத்துக் கொடுங்கள். காலுக்குச் சரியான பூட்ஸ், தலையில் மாட்டும் விளக்கு, காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு. போன வருடம் ஒரு பையனுக்குக் கரிக்குழிக்குள் கால் போய் முழங்கால் வரை வெந்துவிட்டது. ஊரில் துண்டு ஏந்தித்தான் அவன் செலவைப் பார்த்தோம்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. கன்று நட்டவர்கள் பெயரை மாவட்டத் தலைவர், வட்டாரச் செயலாளர் என்று பதவியோடு பதினோரு பேர் வரிசையாகப் போட்டிருந்தீர்கள். அடுத்த தடவை தீ என்று செய்தி போடும்போது ஏறியவர்கள் பெயரையும் ஊரோடு போடுங்கள். சம்பளம் வந்ததா என்று ஒரு மாதம் கழித்து ஒரு நிருபரை விட்டுக் கேளுங்கள். வரும் தை மாதம் தீத்தடுப்புக் கோடு போடும்போது படம் எடுக்க ஆள் அனுப்பினால் நான் வழி காட்டச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குள் கடைக்கு வந்துவிட வேண்டும், அதற்கு மேல் ஆட்கள் ஏறிவிடுவார்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். நோட்டில் இருக்கிற பாக்கி இன்னும் வர வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
டீக்கடை நடத்தும் ஒரு வாசகி,
அழகர்மலை அடிவாரம், மதுரை மாவட்டம்.